ப்ரீதிக்கு வந்த கடிதங்கள்

எங்கள் பக்கம் தபால் காலை பதினொன்றரைக்கு வந்துவிடும். தபால்காரர் கோர்படி ரயில்வே காலனியை முடித்துக்கொண்டு நேராக இந்தச் சந்துக்குத்தான் வருவார். நான் மாடி இறங்கச் சிரமப்படக் கூடாது என்று மேலே ஏறி வந்து என் கையிலேயே கொடுத்துவிட்டுப் போவார். நல்ல மனிதர். அவர்மேல் எந்தத் தப்பும் இல்லை.

உட்காருங்கள் நிர்மல். ப்ரீதி ஹடப்சரிலிருந்து வந்துசேர ஆறு மணி ஆகும். இப்போது நாலுதான் ஆகிறது.

ஸ்பெயினிலிருந்து நீங்கள் கொண்டுவந்த ஜெராக்ஸ் பிரதிகளைப் பார்த்தேன். இடம் கிடைத்துவிட்டது என்று ப்ரீதிக்கு அவர்கள் எழுதிய கடிதங்கள் இரண்டு. வர இயலவில்லை, மன்னிக்கவும் என்று ப்ரீதி பெயரில் போன பதில்கள் இரண்டு. பதில்களில் இருக்கும் கையெழுத்து என் தங்கையுடையது அல்ல. நான் போட்டது. டைப் அடித்ததும் நான்தான். நீங்கள் குரலை உயர்த்தாமல் கேட்டீர்கள். அதனால் நானும் வரிசையாகவே சொல்கிறேன்.

அப்பா இங்கே ரயில்வே டீசல் ஷெட்டில் ஃபோர்மேனாக இருந்தார். தொண்ணூறில் அவர் போனார். அடுத்த வருடம் அம்மா. அப்போது எனக்கு இருபத்தாறு வயது, ப்ரீதிக்குப் பதினேழு. குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு இந்த இரண்டு அறைக்கு வந்தோம். எனக்கு மூன்று வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிப் போய்விட்டது. வெளியே வேலைக்குப் போய்வருவது கஷ்டம். அதனால் ஜன்னலோரம் டைப்ரைட்டரைப் போட்டுக்கொண்டு மாணவர்களுக்கு ஆய்வேடுகள் அடித்துக் கொடுத்தேன்.

ப்ரீதியின் வயதுப் பெண்கள் எல்லாரும் கம்ப்யூட்டர் வகுப்புக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். இவள் ஸ்பானிஷ் வகுப்பில் போய்ச் சேர்ந்தாள்.

"எதுக்குடி அந்த பாஷை?" என்று கேட்டேன்.

"தெரியலக்கா. காதுல விழுந்தா நல்லா இருக்கு. நம்ம ‘ற’ மாதிரியே அங்கயும் ஒண்ணு இருக்கு. மராட்டிப் பொண்ணுங்க நாக்கு சுளுக்கிக்குதுங்க. எனக்கு ஒரே தடவைல வந்துடுச்சு."

நீங்களும் அந்த வகுப்பில்தான் இருந்தீர்கள். அவள் எப்படிப் படித்தாள் என்று உங்களுக்குத் தெரியும். வீட்டில் எப்படிப் படித்தாள் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். வினைச்சொல் நோட்டை என் கையில் கொடுத்துவிட்டு அறைக்குள் நடந்துகொண்டே ஒப்பிப்பாள். நான் தப்பு பார்த்துச் சொல்ல வேண்டும். அவளுடைய கட்டுரைகளையெல்லாம் நான்தான் டைப் அடித்தேன். எங்கள் மெஷினில் ஸ்பானிஷ் எழுத்துகளின் மேல் வரும் கோடும் சுழியும் கிடையாது. அடித்து முடித்ததும் ஒவ்வொன்றாகப் பேனாவால் போடுவேன். ஒரு குறி மாறினால் அர்த்தமே மாறிவிடும் என்பாள். நாலு வருடம் இப்படிப் போனதில் எனக்கும் அந்த மொழி வந்துவிட்டது. நான் அதைச் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. டைப் அடிக்கிறவளுக்கு அர்த்தம் புரியுமா என்று யாரும் யோசிப்பதில்லை.

டிப்ளமோ முடித்ததும், மொழி, இலக்கியம், பண்பாடு மூன்றும் சேர்ந்த முதுகலைப் படிப்புக்கு ஸ்பெயினில் விண்ணப்பித்தாள். கூடவே ஒரு கட்டுரையும் அனுப்பினாள். தமிழ்த் தாலாட்டும் ஸ்பானிஷ் தாலாட்டும். குழந்தையைத் தூங்கவைப்பதாகப் பேர் பண்ணிக்கொண்டு தாய்மார்கள் இரண்டு மொழியிலும் தங்கள் சொந்த வருத்தத்தைத்தான் பாடுகிறார்கள் என்று எழுதியிருந்தாள். அடித்துக்கொண்டிருந்தபோது இரண்டு இடத்தில் நிறுத்திக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

தொண்ணூற்றேழு ஏப்ரலில் பதில் வந்தது. உறை கனமாக இருந்தது. நீராவியில் காட்டிப் பிரித்தேன். இடம் உண்டு, தங்குவதும் படிப்பும் எங்கள் பொறுப்பு, அக்டோபரில் வாருங்கள் என்று இருந்தது. எனக்குக் கோபம் வரவில்லை. பெருமையாகத்தான் இருந்தது.

என்னைத் தனியே விட்டுவிட்டுப் போகப் பார்த்தாள், அதனால் செய்தேன் என்று சொன்னால் நீங்கள் நம்புவீர்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் அவள் எனக்கு எல்லா ஏற்பாடும் செய்துவைத்திருந்தாள். கீழ்வீட்டு அந்தோணியிடமும் அவர் மனைவி அமலாவிடமும் பிப்ரவரியிலேயே பேசிவிட்டாள்.

"அமலாக்கா தண்ணி புடிச்சு வெப்பாங்க. அந்தோணி அண்ணன் சப்ஜி வாங்கிட்டு வந்துடுவார். ரெண்டே வருஷம்தாங்க்கா. வாரா வாரம் லெட்டர் போடறேன்," என்று என் விரல்களைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

மறுநாள் கேம்ப் கடைத்தெரு வரை ஆட்டோவில் போய், அவர்களுடைய கடிதத்தின் தலைப்பையும் அடியில் இருந்த கையெழுத்தையும் மட்டும் கலர் ஜெராக்ஸ் எடுத்தேன். நடுவில் வெள்ளைத் தாள் ஒட்டி மறைத்துக்கொண்டேன். வருந்துகிறோம், இம்முறை இடமில்லை என்று நாலு வரி அடித்தேன். வந்த உறையிலேயே போட்டு ஒட்டி மேஜைமேல் வைத்தேன். அவர்களுக்கும் ஒரு பதில் அடித்தேன். மரியாதையான பதில். அதில் ஒரு பிழைகூட இருக்காது, பார்த்துக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் ப்ரீதி வந்து பிரித்துப் படித்தாள். "செலக்ட் ஆகலக்கா," என்றாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்தாள். பிறகு என் மடியில் தலையை வைத்துக்கொண்டு அழுதாள்.

மூன்று நாள் அவள் வெளியே போகவில்லை. நான் அவள் தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னிவிட்டேன். ரசம் சாதம் பிசைந்து கையில் உருட்டிக் கொடுத்தேன். அம்மா போன அன்றுகூட அவள் என்னை அப்படி ஒட்டிக்கொண்டதில்லை. நான் நொண்டி, அவள் ஓடுகிறவள். எப்போதும் அவள்தான் எனக்குக் கை கொடுப்பாள். அந்த மூன்று நாள் மட்டும் நான் அவளைத் தாங்கினேன். என் வாழ்க்கையில் நல்ல நாட்கள் எவை என்று கேட்டால் அவற்றைத்தான் சொல்வேன்.

நாலாம் நாள் எழுந்து குளித்துவிட்டு, "அடுத்த வருஷம் திரும்ப போடறேங்க்கா," என்றாள். "போடு, கட்டாயம் கிடைக்கும்," என்று நான்தான் தைரியம் சொன்னேன். கட்டுரையில் எந்தப் பகுதியை விரிக்கலாம் என்றுகூட, ஒன்றும் தெரியாதவள்போலத் தமிழிலேயே பேசி, எடுத்துக் கொடுத்தேன். அவள் கேட்டு விரித்தாள். அது உண்மையாகவே நல்ல கட்டுரையாக வந்தது.

இப்போது நீங்கள் கேட்ட இடத்துக்கு வருகிறேன். ஒரு தடவை செய்ததைப் பயத்தில் செய்தீர்கள் என்று வைத்துக்கொள்ளலாம், மறுபடியும் ஏன் என்று கேட்டீர்கள். மறுபடியும் செய்தது அந்த மூன்று நாளுக்காக. மார்ச் முடிந்ததிலிருந்து பதினொன்றரை மணிக்காகக் காத்திருந்தேன். தைலமும் எண்ணெயும் வாங்கி வைத்திருந்தேன்.

இரண்டாவது கடிதம் நீளம். துறைத்தலைவரே எழுதியிருந்தார். "உங்கள் ஸ்பானிஷில் பிழை இல்லை. அதைவிட முக்கியம், அதில் உயிர் இருக்கிறது. அதைக் கற்றுக்கொடுக்க எங்களால் முடியாது. அது உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது." அந்தப் பிரதிதான் உங்கள் கையில் மேலே இருப்பது. இந்தத் தடவை வெறுமனே இடமில்லை என்று எழுதினால் அவள் மூன்றாவது வருடமும் போடுவாள் என்று தோன்றியது. அதனால் அவருடைய வாக்கியத்தையே எடுத்துக்கொண்டேன். உங்களுக்குத் தெரியாததா, ஸ்பானிஷில் அது சுலபம். வினைச்சொல்லுக்கு முன்னால் ‘நோ’ என்று இரண்டு எழுத்து போட்டால் போதும். பிழை இல்லை, உயிரும் இல்லை, அதைக் கற்றுக்கொடுக்க எங்களால் முடியாது. நான் சொந்தமாக அதிகம் எழுதவில்லை.

ஆனால் அந்தத் தடவை அவள் என் மடிக்கு வரவில்லை. நின்றபடியே படித்தாள். மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். "சாப்டியாக்கா?" என்று கேட்டாள். நான் கட்டிலில் நகர்ந்து இடம் விட்டு உட்கார்ந்திருந்தேன். அவள் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பழைய பேப்பர் வாங்கும் ரத்திவாலாவைக் கூப்பிட்டு அகராதிகளையும் நோட்டுகளையும் தராசில் ஏற்றினாள். நான் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மாதமே ஹடப்சரில் ஒரு பம்ப் கம்பெனியில் கையேடுகளை மொழிபெயர்க்கும் வேலையில் சேர்ந்தாள். உயிர் தேவைப்படாத ஸ்பானிஷ்க்கா அது, என்று ஒரு தடவை சொன்னாள். வீட்டுக்குள் அந்த மொழியில் ஒரு சொல்கூடப் பேசியதில்லை. ஆறு வருடம்.

இரண்டாயிரத்து நாலு டிசம்பரில் இங்கே நடந்த பயிலரங்குக்கு அவளை வற்புறுத்தி அழைத்துப் போனது நீங்கள்தான். அதற்கு ஸ்பெயினிலிருந்து வந்திருந்த வயதான அம்மாள், முதல் வருடம் அந்தத் தேர்வுக் குழுவில் இருந்தவராம். பிறகு வேறு ஊருக்கு மாறிப்போய்விட்டவர். ப்ரீதியின் பெயரைக் கேட்டதும், "தாலாட்டு எழுதிய பெண்ணா நீ? வர முடியாது என்று ஏன் எழுதினாய்?" என்று கேட்டிருக்கிறார்.

அன்று ப்ரீதி அஞ்சு மணிக்கே வந்துவிட்டாள். நான் சமையலறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு டைப் அடித்துக்கொண்டிருந்தேன். கை கழுவும் சத்தம் கேட்டது. பிறகு சாதாரணக் குரலில், ஸ்பானிஷில், "பால் பொங்கி வழிகிறது," என்றாள்.

நான் ஊன்றுகோலை எடுத்து ஊன்றி எழுந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் அடுப்பில் பால் இல்லை. அடுப்பே பற்றவைக்கவில்லை. அவள் கதவில் சாய்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை வருஷமா புரியுதுக்கா?"

"நீ டிப்ளமோ படிச்சப்பலேர்ந்து."

"வரலைன்னு நீதான் எழுதினியா?"

"ஆமா."

அவள் கத்தவில்லை. என்னை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு எனக்கு எதிரில் உட்கார்ந்தாள். கைப்பையிலிருந்து அந்த இரண்டாவது கடிதத்தை எடுத்தாள். அத்தனை வருடமும் அதைக் கூடவே வைத்துக்கொண்டு பஸ்ஸில் போய்வந்திருக்கிறாள். மடிப்பில் கிழிந்து, செலோடேப் ஒட்டியிருந்தது.

"இது? இதையும் நீதான் எழுதினியா? சொல்லுக்கா. நீதான்னா நான் கோச்சுக்கவே மாட்டேன். சத்தியமா. நீன்னு மட்டும் சொல்லிடு."

அவள் முகத்தில் அப்படி ஓர் ஆசையை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. ஆமாம் என்று நான் சொல்லியிருந்தால் அந்த நிமிடமே அவளுக்கு எல்லாம் திரும்பக் கிடைத்திருக்கும். எனக்கும் மன்னிப்பு கிடைத்திருக்கும். அவள் மறுநாளே பெட்டியையும் எடுத்திருப்பாள்.

"இல்ல ப்ரீதி. அது அவங்க எழுதினதுதான்," என்றேன்.

அவள் அந்தக் காகிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்தாள். "அப்ப போயிருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காது, இல்ல?" என்றாள். அவள் எழுந்து வந்து என் மடியில் தலை வைத்துக்கொண்டாள். ஏழரை வருடத்துக்குப் பிறகு. அவள் தலையில் நரை வந்திருப்பதை அப்போதுதான் கவனித்தேன். முப்பது வயது.

அதற்குப் பிறகு இந்த மூன்று வருடமும் நன்றாகத்தான் இருக்கிறோம். நீங்கள் அவளை மேற்படிப்புக்குக் கூப்பிடும்போதெல்லாம் சிரித்துக்கொண்டே மறுக்கிறாள் என்கிறீர்கள். என்னிடமும் சிரித்துக்கொண்டேதான் இருக்கிறாள்.

அந்தக் காகிதங்களை மேஜையிலேயே வைத்துவிட்டுப் போவதாகச் சொல்கிறீர்கள். வையுங்கள். நான் கிழிக்க மாட்டேன். மறைக்கவும் மாட்டேன். அவள் வந்ததும் படிக்கட்டும். உயிர் இருக்கிறது என்ற வரியையும் படிக்கட்டும். ஆனால் நீங்கள் இங்கே இருக்க வேண்டாம் நிர்மல். அமலாவையும் கூப்பிட வேண்டாம். இவ்வளவு பெரிய விஷயத்தை அவளால் தனியாகத் தாங்க முடியாது. அழுவாள். அந்த நேரத்தில் அவளுக்கு யார் வேண்டும் என்று எனக்குத் தெரியும். நான் கட்டிலில் சுவரோரமாகச் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறேன். அவள் தலை வைத்துக்கொள்ள அதுதான் வசதி.