டிரெயினிங்ல இருக்கான்

போலீஸா? பேச்சிராஜ் போலீஸ்னு யாரு அண்ணாச்சி சொன்னா? ஓ, அவங்க அப்பா வெள்ளத்துரை, மவன் டிரெயினிங்ல இருக்கான்னு சொன்னாராக்கும். அது பொய் இல்ல. டிரெயினிங்லதான் இருந்தான். போலீஸ் டிரெயினிங்னு சிவகிரிக்காரங்க நீங்களா முடிச்சிட்டீங்க.

உக்காருங்க. சீனி கம்மியாவா? சரி. இதுல என்ன சங்கடம், பொண்ணுக்குத் தாய்மாமன் டீக்கடையில விசாரிக்காம வேற எங்க விசாரிப்பாரு?

பையன் குடிக்க மாட்டான். மெக்கானிக்கல் எஞ்சினியர். படிச்ச படிப்புக்கு வேலை இல்ல, பாடத்தையே மாத்தணும்னு பேசுனாங்க. மாத்தவும் செஞ்சாங்க, அவன் முடிச்சு வெளிய வந்த பொறவு. பெறகு, உனக்குத் திறன் பத்தலன்னாங்க. கம்ப்யூட்டர் டிரெயினிங் போனான். அது பழசாப் போச்சுன்னு சோலார் டிரெயினிங். அதுக்கும் பெறகு ட்ரோன். ஒத்த ட்ரோன், கிளாஸ் நெறைய பயலுவ. பறக்க விட்ட அன்னைக்கே வேப்பமரத்துல மாட்டிக்கிட்டு. மிச்சக் கிளாஸ் பூரா அண்ணாந்து பாத்துக்கிட்டேதான் நடந்துது. சிரிக்காதீங்க, அதுக்கும் சர்ட்டிபிகேட் குடுத்தாங்கல்லா.

கடைசியா பேசுததுக்கு ஒரு டிரெயினிங். இந்த வெயில்ல கோட்டு போட்டு ஒரு சார் வந்தாரு. கைய எப்படிக் குலுக்கணும், நசுக்கவும் கூடாது, தொளதொளன்னும் குடுக்கக் கூடாது. பயலுவ ஒருத்தன் கைய ஒருத்தன் பிடிச்சிக் குலுக்கிட்டே கெடந்தானுவ. இன்டர்வியூல மொதக் கேள்வி உங்களப் பத்திச் சொல்லுங்கன்னுதான் வரும், தயாரா இருன்னாரு. இங்கிலீஷ்ல மனப்பாடம் பண்ணுனான். வீட்டுத் தறிச் சத்தத்துக்கு மேல கத்திக் கத்திப் படிச்சதுல அவங்க அம்மாவுக்கே பாடம் ஆயிட்டு.

மெட்ராஸுக்கு இன்டர்வியூ போனானான்னா? போகாம என்ன. வாசல்லயே சர்ட்டிபிகேட்ட வாங்கி வச்சிக்கிட்டு, போன் பண்ணுவோம்னுட்டாங்க. வாங்குன செக்யூரிட்டியும் எஞ்சினியராம்.

வெள்ளத்துரை மேல கோவப்படாதீங்க. மவன் என்ன செய்யுதான்னு கேட்டா சும்மா இருக்கான்னு எந்தத் தகப்பனுக்கு வாய் வரும்? டிரெயினிங்னு சொன்னா கேக்கவும் நல்லாத்தான இருக்கு.

பொண்ணு பேரு அனுதான? நீங்க அனுப்புன போட்டோவ போன்லயே வச்சிருக்கான். கடையில கூட்டம் இல்லன்னா எடுத்துப் பாக்கான். அதுக்குத்தான் சொல்லுதேன். தாலி ஏறுன பொறவு அந்தப் புள்ள காக்கிச் சட்டை எங்கன்னு கேட்டா, எதக் காட்டுவான்?

இப்பவா? டீ ஆத்துதான்.

எந்தக் கடையிலயா? நீங்க குடிக்கீங்கல்லா, இந்த டீதான். என்ன அண்ணாச்சி அப்படிப் பாக்கீங்க? உங்களப் பத்திச் சொல்லுங்கன்னு கேப்பாங்க கேப்பாங்கன்னு இருந்தேன். ஒருத்தரும் கேக்கல. நீங்கதான் வந்து கேட்டிருக்கீங்க.

இருங்க, கைய நீட்டுதீங்களே, எனக்குக் கை ஈரம், தொடச்சிக்கிடுதேன்...

ஓ, டம்ளரா. குடுங்க.