நூத்திப் பன்னெண்டாவது கேள்வி

இல்ல சார், டிரைவருங்களுக்கு வைக்கற மனசுப் பரீட்சை தப்பாச் சொல்லிடுச்சுன்னு விசாரணை ரிப்போர்ட்டுல எழுதாதீங்க. அன்னைக்குக் காலையில டிரைவர் மனசு எப்படி இருந்துச்சுன்னு காட்டும், அவ்வளவுதான். மூணு மாசம் கழிச்சு பஸ்ஸக் கொண்டுபோய் டெப்போ சுவத்துல மோதுவாருன்னு அதுக்கு எப்படித் தெரியும்? இன்னைக்குக் காய்ச்சல் இல்லன்னா நாளைக்கும் வராதுன்னு அர்த்தமா?

ஆமா, அந்த ரூம்ல பதினோரு வருஷமா நான்தான். நூத்தி அறுபது கேள்வி. பென்சிலால வட்டத்தக் கறுப்பாக்கணும். பொய்யப் பிடிக்கவும் கேள்வி உண்டு. எனக்குக் கோவமே வந்ததில்லன்னு ஒண்ணு வரும். அதுக்கு ஆமான்னு போட்டவன சாமியாராப் போகச் சொல்லலாம், பஸ் ஓட்டச் சொல்ல முடியாது. சிரிங்க சார், பரவால்ல.

அப்புறம், ஒரே கேள்விய வார்த்தைய மாத்தி ரெண்டு எடத்துல கேப்போம். நாப்பத்தொண்ணு, நூத்திப் பன்னெண்டு. நடந்து முடிஞ்சத நெனச்சுத் தூக்கம் கெடுதான்னு. ரெண்டுலயும் ஆமான்னா வண்டியக் குடுக்கக் கூடாது, டாக்டர்கிட்ட அனுப்பணும். பதில் ஒத்துப்போகலன்னா மறுபடி எழுத வைக்கணும்.

அந்த டிரைவர் பேப்பர்ல ஒத்துப்போகலதான். நாப்பத்தொண்ணுல ஆமா, நூத்திப் பன்னெண்டுல இல்ல. வண்டி ஓட்டலாம்னு கீழ இருக்கற கையெழுத்து என்னோடதுதான்.

அவர் எங்க அக்கா வீட்டுக்காரர். அத நான் மறைக்கல. ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு சைக்கிள்காரர் இவர் பஸ்ஸோட முன் சக்கரத்துல விழுந்து செத்துட்டாரு. இவர் மேல தப்பில்லன்னு முடிஞ்சிடுச்சு. ஆனா தெருவுல சைக்கிள் மணி அடிச்சா, சாப்பிடற கை அப்படியே நிக்கும். பரீட்சைக்கு முந்தின நாள் அக்கா வந்தா. ஸ்டியரிங்க விட்டா அவருக்கு என்னடா தெரியும்னா. தண்ணி கூடக் குடிக்காமப் போயிட்டா.

இப்ப நீங்க, அவர் பொய் எழுதிக் குடுத்தாருன்னு ஃபைல்ல போட்டா வேலையும் போச்சு, கேஸும் வரும். காலு ஒடஞ்சு ஆஸ்பத்திரியில கெடக்குறாரு. நேத்துப் போயிருந்தேன். என்னையே பாத்துக்கிட்டு இருந்தாரு.

நூத்திப் பன்னெண்டுல இருக்கற அந்த அழிச்ச தடமா? ஆமா, பாத்தேன்.

எழுதுறவங்களுக்கு ரப்பர் குடுக்கறதில்ல சார். பென்சில் மட்டுந்தான். தப்பாப் போட்டா அடிச்சிட்டுப் பக்கத்துல கையெழுத்துப் போடணும். ரப்பர் என் மேசை டிராயர்ல இருக்கும்.

நாப்பத்தொண்ணையும் அழிச்சிருக்கணும். மறந்துட்டேன்.