உப்புப் பிடித்த சைக்கிள்

பழைய சைக்கிள் வாங்க வருகிறவர்கள் முதலில் மணியைத்தான் அடித்துப் பார்ப்பார்கள். சைக்கிளில் சோதிக்கவே தேவையில்லாத பொருள் மணி. பழுதாகிவிட்டால் கடையில் புதிதாக வாங்கிப் பூட்டிவிடலாம். ஆனாலும் அது கணீரென்று கேட்டதும் மனுசருக்கு ஒரு நம்பிக்கை வந்துவிடுகிறது. இதை என் முகநூல் குழுவில் பல தடவை எழுதியிருக்கிறேன்.

என் பெயர் பிரகலாதன். வயது அறுபத்திரண்டு, ஊர் மானிப்பாய், கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவன். இவையெல்லாம் போன மாதம் இந்தப் பொலிஸ் நிலையத்தில் நான் கொடுத்த வாக்குமூலத்தில் இருக்கின்றன. அதில் ஒரு இடம் மட்டும் சரியில்லை. அதைத் திருத்தத்தான் யாரும் கூப்பிடாமல் நானாக வந்திருக்கிறேன். கொஞ்சம் முன்னாலிருந்து சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும்.

ஐந்து வருடங்களுக்கு முன் முகநூலில் ஒரு சைக்கிளின் படத்தைக் கண்டேன். இடம் நெல்லியடி என்று போட்டிருந்தது. தொலைபேசியில் பேசியவன் மிகவும் மரியாதையானவன். வேறு இரண்டு பேரும் கேட்கிறார்கள் என்று சொன்னான். நான் முற்பணத்தை அனுப்பிவிட்டு பஸ் ஏறினேன். அவன் சொன்ன ஒழுங்கையில் அப்படி ஒரு வீடே இல்லை. சந்தித் தேத்தண்ணிக் கடையில் விசாரித்தேன்.

"உங்களோடை நாலு பேர் ஐயா. போன கிழமையும் ஒராள் வந்து இதிலைதான் நிண்டவர்," என்றார் கடைக்காரர்.

இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒருவர் எழுந்து எனக்குக் கதிரை தந்தார். சிரிப்பைத் தாங்கிவிட்டேன், அந்தக் கதிரையைத்தான் தாங்க முடியவில்லை. முப்பது வருடம் மற்றவர்களின் பிழையைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவன் நான். வீட்டுக்கு வந்து சுகமில்லை என்று படுத்துவிட்டேன். அந்த மாதமே குழுவைத் தொடங்கினேன்.

குழுவில் இப்போது பதினாலாயிரம் பேர் இருக்கிறார்கள். சைக்கிளைப் பார்க்காமல் முற்பணம் அனுப்பாதீர்கள் என்பதுதான் நான் எழுதிய முதல் விதி. அன்றைய பத்திரிகையைச் சீற்றில் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், கள்ளனிடம் வேறொருவரின் படம்தான் இருக்கும். சீற்றுக்குக் கீழே பொறித்திருக்கும் பிறேம் நம்பரைக் கேளுங்கள். பகலில் போங்கள், தனியாகப் போகாதீர்கள். இவற்றால் எத்தனையோ பேர் ஏமாறாமல் தப்பினார்கள். எதையாவது வாங்குவதற்கு முன் "பிரகலாதன் அண்ணை பாத்துச் சொல்லட்டும்" என்று எழுதுவார்கள். ஐந்து வருடத்தில் நான் சொன்னது ஒருமுறையும் பிழையானதில்லை.

பிறகு உப்பைப் பற்றியும் எழுதினேன். கடற்கரையில் நின்ற சைக்கிளை உப்புக் காற்று உள்ளிருந்தே தின்றுவிடும். வெளியில் பெயின்ற் பளபளக்கும். ஆனால் கம்பிகள் றிம்மில் சேரும் இடத்தில் வெள்ளையாகப் பூத்திருக்கும். செம்மண் ஊர்களில் ஓடிய சைக்கிளில் அப்படி இராது. ஆகவே கடற்கரைச் சைக்கிளை எடுக்காதீர்கள் என்று எழுதினேன். ஆட்களைப் பற்றி நான் ஒரு சொல்லும் எழுதவில்லை. இரும்பைப் பற்றித்தான் எழுதினேன். கடற்கரை ஊரான குருநகரிலிருந்து லூர்த்தம்மா என்ற ஒருவர் கீழே எழுதியிருந்தார்: "அண்ணை, எங்கடை சைக்கிளை நாங்கள் வீட்டுக்குள்ளைதான் வைக்கிறனாங்கள். நீங்கள் இப்பிடிப் போட்டாப் பிறகு ஒருத்தரும் வந்து பாக்கினமில்லை." வீண் வாக்குவாதம் வரக்கூடாது என்று அதை அழித்தேன்.

இந்த ஆனியில், அதுவும் கடற்கரை ஊரான பாசையூரில், எமில்ராஜ் என்பவரின் கறுப்பு றலி சைக்கிள் கோவில் பெருநாளன்று மதிலோரத்தில் காணாமல் போயிற்று. படமும் பிறேம் நம்பரும் எனக்கு அனுப்பினார். ஒன்பது நாள் கழித்து குழுவில் ஒரு விளம்பரம் வந்தது. கறுப்பு றலி. இடம் உடுவில். பெண் பிள்ளைகள் ஓடும் சைக்கிள் ஒன்றுக்கு மாற்றத் தயார். பெயர் பிலிப்பு. நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கம்பியடியில் வெள்ளை பூத்திருந்தது.

உடுவிலில் கடல் இல்லை. இடத்தைப் பொய் சொல்கிறவன் மற்றதையும் பொய்தான் சொல்வான். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, "நீங்களே பாருங்கள்" என்று மட்டும் எழுதினேன். கள்ளன் என்ற சொல் என்னுடையது அல்ல, அதைக் கீழே மற்றவர்கள் எழுதினார்கள். பின்னேரத்துக்குள் ஆயிரம் பேர் அதைப் பகிர்ந்துவிட்டார்கள்.

எங்கள் ஊர்ச் சிவதர்ஷன் தன்னிடம் தங்கச்சியின் சைக்கிள் இருக்கிறது, மாற்றலாம் என்று பிலிப்புவுக்குச் செய்தி அனுப்பினான். ஞாயிறு காலை பத்து மணிக்கு உடுவில் பக்கம் ஒரு வாய்க்கால் பாலத்து மதவடியில் சந்திப்பதாக ஏற்பாடு. ஆறு பெடியன்கள் போனார்கள், நம்பரைப் பார்க்க நானும் போனேன். பகல் வேளை, தனியாகப் போகவில்லை. எல்லாம் என் விதிகளின்படிதான் நடந்தன.

பிலிப்பு மகளைக் கரியரில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். நிரோஜினி என்று பெயர், பன்னிரண்டு வயது இருக்கும். தூரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் இடம் கிடைத்திருந்தது, சைக்கிள் இல்லாமல் போக முடியாது. திரும்பிப் போகும்போது தன் சைக்கிளைத் தானே ஓட்டிப் போவதாக அவளுக்கு எண்ணம். "அந்தச் சைக்கிள் எங்கை அப்பா?" என்று இரண்டு தரம் கேட்டாள்.

பெடியன்கள் அவரைச் சுற்றி நின்றார்கள். ஒருவன் அவரின் சேட்டுக் கொலரைப் பிடித்திருந்தான். பிலிப்பு என்னைப் பார்த்துத்தான் பேசினார். வயதானவன் என்பதாலோ என்னவோ.

"ஐயா, நான் குருநகர். உடுவில் எண்டு போட்டது பொய்தான். குருநகர் எண்டால் ஒருத்தரும் மாத்த வரமாட்டினம். இது என்ரை அப்புவின்ரை சைக்கிள். களவெடுக்கேல்லை ஐயா. நம்பரைப் பாருங்கோ."

நான் மண்ணெண்ணெய்த் துணியால் சீற்றுக்குக் கீழே துடைத்தேன். போன மாதம் உங்களிடம், துருப்பிடித்திருந்தபடியால் நம்பரைப் பிழையாக வாசித்துவிட்டேன் என்று சொன்னேன். அந்த இடத்தைத்தான் திருத்த வேண்டும். துரு இருக்கவில்லை. ஒவ்வொரு இலக்கமும் தெளிவாக இருந்தது. எமில்ராஜ் தந்த நம்பரில் ஒரு இலக்கம்கூட அதோடு ஒத்துப்போகவில்லை.

"அண்ணை, நம்பர் சரியே?" என்று சிவதர்ஷன் கேட்டான்.

ஆறு பேரும் என் வாயைப் பார்த்தார்கள். ஒருவன் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தான். பிழை என்று சொன்னால் அது பின்னேரத்துக்குள் பதினாலாயிரம் பேருக்கும் போய்விடும். அதன்பிறகு நான் எதைச் சொன்னாலும் யார் நம்புவார்கள். நம்பாவிட்டால் எத்தனை பேர் ஏமாறுவார்கள். அவ்வளவையும் நான் யோசித்தேன், அவசரப்படவில்லை.

முதலில் கிருஷாந் என்ற பெடியனைக் கூப்பிட்டு, "தம்பி, இந்தப் பிள்ளையைக் கடைக்குக் கூட்டிக்கொண்டுபோய் ஒரு சோடா வாங்கிக் குடு. கொஞ்சம் ஆறுதலா வா," என்றேன். அவர்கள் வளைவு திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு சிவதர்ஷனிடம் "ஓம்" என்றேன்.

பிள்ளையை ஏன் அனுப்பினாய் என்று நீங்கள் கேட்பீர்கள். பிள்ளைகள் பார்க்கக்கூடாத விசயம் அது. ஆம், என்ன நடக்கப்போகிறது என்று எனக்குத் தெரியும். நான் ஒருவரையும் தொடவில்லை. என் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வழியில் கத்தரிக்காய் வாங்கினேன். பின்னால் சத்தம் கேட்டது, திரும்பிப் பார்க்கவில்லை. அன்று மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டேன். இப்போதும் அப்படித்தான். மனம் பதறும், பதறும் என்று காத்திருந்தேன். அது மரத்துப்போய்விட்டது போல.

பிலிப்பு செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் இறந்தார். சோடா வாங்கப் போன கிருஷாந்தையும் சேர்த்து அந்த ஆறு பேரும் விளக்கமறியலில் இருக்கிறார்கள். அண்ணை சொன்னவர் என்று அவர்கள் உங்களிடம் சொன்னது சரிதான். அந்தக் கிழமை குழுவில் புதிதாக இரண்டாயிரம் பேர் சேர்ந்தார்கள்.

நேற்றுக் காலை பிலிப்புவின் மனைவி லவீனா எங்கள் வீட்டுக்கு வந்தார். பிள்ளையும் வந்திருந்தாள். குருநகரிலிருந்து நடந்தே வந்திருக்கிறார்கள். என் மனைவி இராசமலர் படலையைத் திறந்து விட்டு உள்ளே போய்விட்டாள். லவீனா அழவில்லை, சத்தம் போடவுமில்லை. ஒரு பொலித்தீன் பையிலிருந்து மாமனார் அந்தச் சைக்கிளை வாங்கிய பழைய பற்றுச்சீட்டை எடுத்து நீட்டினார். நான் கண்ணாடி போட்டு வாசித்தேன். மதவடியில் நான் வாசித்த அதே நம்பர்.

"நம்பர் சரியாத்தான் இருக்கு," என்றேன்.  சொல்ல வேண்டியதைச் சொல்லத்தானே வேண்டும். "உங்கடை மனுசன் உண்மையான இடத்தைப் போட்டிருந்தால் எனக்குச் சந்தேகமே வந்திராது, பிள்ளை. பொய்யிலைதான் எல்லாம் துவங்கினது."

"போட்டவர் ஐயா," என்றார் லவீனா. "முதல் மூண்டு தரமும் குருநகர் எண்டுதான் போட்டவர். மூண்டையும் நீங்கள்தான் வேண்டாம் எண்டு திருப்பி விட்டனீங்கள். அதுக்குப் பிறகுதான் உடுவில் எண்டு போட்டவர்."

அவர்கள் போனபிறகு கைபேசியை எடுத்துப் பார்த்தேன். குழுவுக்கு வரும் விளம்பரங்களை நான் பார்த்து அனுமதித்தால்தான் மற்றவர்களுக்குத் தெரியும். நான் நிராகரித்தவை எல்லாம் ஒரு பக்கத்தில் காரணத்தோடு இருக்கும். லவீனா சொன்னது உண்மை. பிலிப்பு, குருநகர், மூன்று விளம்பரங்கள். படம் இல்லாமல் விளம்பரம் அனுப்புகிறவர்களை நான் நிராகரிப்பதில்லை, படம் கேட்டுத்தான் எழுதுவேன். அது குழுவில் எல்லோருக்கும் தெரியும்.

அந்த மூன்றுக்கும் காரணம் என்ற இடத்தில் "உப்புப் பிடித்த சைக்கிள்" என்று எழுதியிருந்தேன். மூன்றிலும் படம் இருக்கவில்லை.