அறுபத்தோராம் பக்கம்

ஹலோ… மடத்து சிஸ்டர்தானே? நான்தான், லாண்டரி… ஆமா, ஆமா, ஆஸ்பத்திரியிலதான் இருக்கேன். மூணாவது மாடி. விசாரணை ரூமுக்கு எதிர்ல பாத்ரூம்… இல்ல, என்னை இன்னும் கூப்பிடல. முதல்ல இஸ்திரியை, அதான் எங்க மேற்பார்வை மேடத்தை, விசாரிச்சாங்க. இப்ப நம்ம புதுப் பொண்ணு, புதுசு, உள்ள இருக்கா. அவ வெளிய வந்ததும் நான். சிஸ்டர், ஒரே ஒரு கேள்வி. ஆமா, இல்ல, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. நோட்டுல ஒரு பக்கத்தைக் கிழிச்சிடட்டுமா?

…ஹலோ? …இருக்கீங்களா? …இருக்கீங்க, மூச்சு கேக்குது. தாயே, உங்க செவ்வாய்க்கிழமை தியான மௌனத்தை ஃபோன்லயும் ஆரம்பிச்சிடாதீங்க. சார்ஜ் கம்மியா இருக்கு.

…எந்த நோட்டா? நீங்க குடுத்த நோட்டுதான்! வேலை முடிஞ்சு பஸ்ல உக்காந்ததும் கண்ணை மூடி அன்னைக்கு நாளை ஒரு தடவை திரும்பிப் பாரு, எங்க உனக்கு உயிர் வந்துது, எங்க உயிர் போச்சு, ரெண்டு வரி எழுதுன்னு சொன்னீங்களே… ஆமா. ஜெபம்னு நினைச்சுதான் எழுதினேன். இப்ப பாத்தா அது சாட்சி! தேதியோட! விசாரிக்க வந்த மூணு ஆபீசரும் நான் குடுத்த ஜெராக்ஸைப் படிச்சிட்டு, அசல் நோட்டைக் கொண்டான்னுட்டாங்க.

…எப்படி இருக்கேனா? காலையிலேர்ந்து பசிக்கவே இல்ல சிஸ்டர். வயிறு ரொம்பிக் கிடக்கு. இஸ்திரி வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கா, மடிப்புக் கலையாம. என்னைப் பாத்து சிரிச்சா! பதினோரு வருஷத்துல இன்னைக்குத்தான் அவளுக்குப் பல்லு இருக்கறதே தெரிஞ்சுது. அவ தண்ணி பாட்டில் மூடி உருண்டு வந்து என் காலடியில நின்னுது. எடுத்துக் குடுப்பேன்னு பாத்தா. நான் குனியலையே!

…இருங்க, முடிச்சுக்கறேன். வெளுத்த தோலெல்லாம் மேல, ஜன்னல் பக்கத்துல, துவைச்ச துணி மடிக்கும். கறுத்த தோலெல்லாம் கீழ, அழுக்குத் துணி வர்ற சிவப்புப் பையைப் பிரிச்சு ரத்தத்துக்கும் மலத்துக்கும் நடுவுல ஊசி பொறுக்கும். ஏன்னு கேட்டா இஸ்திரி சொல்வா, 'மேல நாலு பேர் வந்து போற இடம், பாக்க லட்சணமா இருக்கணும்'. நான் கீழ இருந்தப்ப துணி வண்டியைத் தள்ளிட்டு மேல போகும்போதெல்லாம், 'லைட்டைப் போடுங்கப்பா, யாரோ வந்த சத்தம் கேக்குது, ஆளைக் காணோம்'. தினம் சிஸ்டர்! தினம்! அவ அந்த பேட்ஜைக் கழட்டறதை நான் கண்ணால பாக்கணும். பேட்ஜ் ஊசி சிக்கி அந்த விறைப்பான சட்டை கிழியணும். அப்புறம் ஒரே ஒரு நாள், கீழ வந்து, ஓட்டைக் கையுறையை மாட்டிக்கிட்டு…

…ஆமா, ஆமா, தெரியும். கோபத்தைக் குளிப்பாட்டி பவுடர் போட்டுக் கடவுள்கிட்ட கூட்டிட்டுப் போகாத, இருக்கிற கோலத்துலயே கூட்டிட்டுப் போன்னு நீங்கதானே சொன்னீங்க? கூட்டிட்டுத்தான் வந்திருக்கேன். இதோ, தலையைக்கூட வாரிக்காம பக்கத்துல நிக்குது.

…எந்தப் பக்கமா? …அறுபத்தி ஒண்ணு. ஜெராக்ஸ்ல அதை மட்டும் விட்டுட்டேன்.

…வாசிக்கணுமா? …வேணாமே சிஸ்டர். …சரி. சரி, சரி.

'இன்னைக்கு என்னை மடிக்கிற ரூமுக்கு மாத்தினாங்க. கீழேருந்து அந்தப் புதுப் பொண்ணு வண்டியைத் தள்ளிட்டு வந்தா. என்னைவிடக் கறுப்பு. மேடம் வாயைத் திறக்கறதுக்குள்ள நானே சொன்னேன், லைட்டைப் போடுங்கப்பா, ஆளைக் காணோம். எல்லாரும் சிரிச்சாங்க. மேடம் என் முதுகுல தட்டி, அடிப்பாவி, என் டயலாக்கைத் திருடிட்டியேன்னாங்க. அங்க எனக்கு உயிர் வந்துது. பஸ்ல வரும்போது போச்சு.'

…அவ்வளவுதான் சிஸ்டர்.

கிழிச்சிடறேனே? இது எனக்கும் கடவுளுக்கும் நடுவுல உள்ளதுதானே? …பக்க நம்பரா? அதான் வம்பே! உங்க கையாலயே ஒண்ணுலேர்ந்து நூறு வரைக்கும் நம்பர் போட்டுக் குடுத்திருக்கீங்களே, வேற வேலை இல்லாம. …காப்பி கொட்டிடுச்சுன்னு சொல்லிடவா?

…என்ன? …அவளுக்கு ஞாபகம் இருக்குமான்னா? புதுசுக்கா? சேந்து ரெண்டு வருஷமாச்சு, அதைப் பத்தி ஒரு வார்த்தை என்கிட்ட பேசினதில்ல. செவ்வாய்க்கிழமை உங்க ஹால்ல அரை மணி நேரம் என் பக்கத்துலதானே கண்ணை மூடி உக்காந்திருக்கா. அப்புறம் அங்கயே உக்காந்து இஸ்திரி மேல புகாரும் எழுதினோம். ஞாபகம் இருந்தா அப்படி உக்காருவாளா?

இருங்க, அவளே வந்துட்டா. முடிஞ்சுதாடி? …சிஸ்டர்கிட்டதான் பேசறேன். என்ன கேட்டாங்க? …ம். …ம். …என் பேரா? என் பேரை எதுக்கு… …ஓ.

…சிஸ்டர். அவ உள்ள சொல்லிட்டா. அவளைக் கேலி பண்ணவங்க பட்டியல்ல இஸ்திரிக்கு அடுத்த பேரு நானாம். அவளுக்கும் ஒரு நோட்டு குடுத்திருக்கீங்க. அப்ப உங்களுக்கு இது தெரியும்… …எப்பலேர்ந்து? …முதல் மாசத்துலேர்ந்தா! அவ சொன்னதை என்கிட்ட சொல்ல மாட்டீங்க, நான் சொன்னா அவகிட்ட சொல்ல மாட்டீங்க. ரொம்ப நல்லாயிருக்கு! ரெண்டு பேரையும் தோளோட தோள் ஒட்டி உக்கார வச்சிட்டு, நானா வாயைத் திறப்பேன்னு காத்துட்டு இருந்தீங்களா? நாளைக்கு பஸ்ல உங்களைப் பத்தி எழுதறேன் இருங்க. ரெண்டு வரி பத்தாது!

…ஆமா. …ஆமா. …அவகிட்ட மன்னிப்பு கேக்கறேன்.

புதுசு, இந்தா. அன்னைக்கே எழுதி வச்சேன்… படி. …அதுக்கு என்னை… …சரி. சரிம்மா.

'இன்னைக்கு முடியாதுக்கா'ன்னுட்டா சிஸ்டர். …இல்ல, அழல. கண்ணாடியைப் பாத்து மூஞ்சி கழுவிட்டு இருக்கா.

…என்னடி? இரு, இரு. இஸ்திரி உள்ள அப்படியா சொல்லியிருக்கா? ஆபீசரே உன்கிட்ட சொன்னாரா? 'லைட்டைப் போடுங்கப்பா' அவ வாயில வந்ததே இல்லையாமா? சிஸ்டர், கேட்டீங்களா! சத்தியம் பண்ணாளாம்! 'என் டயலாக்'னாளே! இதோ இருக்கே, நீல மையில! மத்த பக்கமெல்லாம் நான் அவளைப் பத்தி எழுதினது, பொறாமையில எழுதினான்னு தட்டி விட்டுடலாம். இது நான் என்னையே காட்டிக் குடுத்தது. இப்படி ஒரு பொய்யை எவ எழுதுவா?

…கிழிக்கல! எதுக்குக் கிழிக்கணும்? நானும் மாட்டுவேன், மாட்டட்டும். திரும்பக் கீழ அனுப்பினா அனுப்பட்டும். இஸ்திரி கையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டுத்தான் விழுவேன்.

…அவளை விழ வைக்கத்தானா, இல்ல உண்மைக்காகவான்னா கேக்கறீங்க? அதுக்காகத்தான். …தெரியும் சிஸ்டர், நீங்க சொல்ற காரணம் ஒசந்தது. ஆனா என்கிட்ட இப்ப இருக்கறது இதுதான். அந்த ரூம் வரைக்கும் என் காலை நகத்திட்டுப் போக இது போதும். ஒசந்தது வர்றப்ப வரட்டும்.

இதோ வரேன் சார்! …கூப்பிட்டுட்டாங்க. புதுசு, அந்தக் கதவைக் கொஞ்சம் பிடிச்சுக்கிறியா, ஒரு கையில நோட்டு, ஒரு கையில ஃபோன்…

…இல்ல சிஸ்டர், அவ பிடிக்கல. பரவாயில்ல, தோளால தள்ளிக்கறேன். வைக்கிறேன்.