இன்னொரு குழந்தை

எனக்குக் குழந்தைகள் என்றால் உயிர். எங்கள் ஆய்வுக்கூடத்தில் யாரை வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள், ஐயா.

நீங்கள் கேட்கிற அந்த வீட்டு மூத்த பையனைப் பிறந்த வாரத்திலிருந்தே எனக்குத் தெரியும். சிறுமூளையின் நடுப்பகுதி வளரவில்லை. ஸ்கேனில் மூளைத்தண்டு கடைவாய்ப் பல் மாதிரித் தெரிந்தது. கைக்குழந்தையாக இருந்தபோது ஓடிவந்த நாய்க்குட்டி போல மூச்சிரைப்பான். பிறகு தலையே நிற்கவில்லை. அவனுக்காக நான் அழுதிருக்கிறேன்.

அவன் அம்மா தையல் வேலை செய்பவள். என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். அப்பா பஸ் டிரைவர். "டாக்டருக்கு இங்கயே ஒரு பாய் போட்டுடலாம்" என்று கிண்டல் செய்வார். இருவரும் யோசிக்காமல் கையை நீட்டி ரத்தம் கொடுத்தார்கள். இருவருக்கும் ஒரே மரபணுவில் பழுது. பையனுக்கு இரண்டும் வந்து சேர்ந்திருந்தது.

இந்த நோய்க்கு அந்த மரபணுதான் காரணம் என்று ஓர் ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்பினேன். ஒரு பிள்ளையை வைத்து எப்படிச் சொல்வது, அதே வீட்டில் பாதிக்கப்பட்ட இன்னொரு குழந்தை உண்டா என்று கேட்டுத் திருப்பிவிட்டார்கள். கேள்வியில் தப்பில்லை.

அந்தச் சமயத்தில்தான் அவள் வந்தாள். "அண்ணா, இன்னொண்ணு பெத்துக்கலாமா? இவனுக்கு வந்தது அதுக்கும் வருமா?"

நாலில் ஒரு பங்கு வர வாய்ப்புண்டு என்று எனக்குத் தெரியும். "இது பரம்பரையா வர்றதில்லம்மா. தைரியமா பெத்துக்கோ" என்றேன். கருவிலேயே பரிசோதித்துச் சொல்லிவிடலாம் என்பதைச் சொல்லவில்லை. வீணாகக் குழப்புவானேன் என்றுதான்.

பெண் பிறந்தது, ஒரு குறையும் இல்லாமல், துறுதுறுவென்று. வீடே சிரித்தது, நானும் சிரித்தேன். திரும்பி வரும்போது எனக்கு மனசு விட்டுப்போயிருந்தது. அவர்கள் இத்தோடு போதும் என்றிருந்தார்கள். "பாத்தியா, நான் சொன்னேன்ல? மூத்தவனைத் தாங்க ஒரு தம்பி வேணாமா?" என்று நான்தான் ஆரம்பித்தேன்.

தம்பி பிறந்தான். துணியில் சுற்றிக் கையில் கொடுத்ததுமே, அந்த மூச்சைக் கேட்டு அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஸ்கேன் வரை போக வேண்டியிருக்கவில்லை. பிள்ளையின் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, இரைப்பு அடங்குமா என்று பார்த்தபடியே இருந்தாள். நான்தான் தாங்க முடியாமல் அழுதேன்.

"நீங்க என்னண்ணா பண்ணுவீங்க, எங்க தலையெழுத்து" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தம்பியையும் சேர்த்து அனுப்பியதும் கட்டுரை வெளியாகிவிட்டது. தெரிந்தேதான் செய்தேன், ஐயா, உங்கள் விசாரணை அறிக்கையில் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அவளிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்தப் பிள்ளைகளுக்கு ஒன்று என்றால் ஓடிவர என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?