கதையில் பிழைத்த பிள்ளை

எண்பதுகளில் ஒரு நாள், மட்டாஞ்சேரிக்குப் போகும் போட்டில் எனக்கு முன்னால் ஒரு வயதான தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். அம்மாளின் மடியில், யுத்தத்தின்போது பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர்களைப் பற்றிய புது நாவல் திறந்திருந்தது.

“நாம அவர்கிட்டே சொன்னதைத்தான் எழுதியிருக்கார். காடு, மழை, உங்களுக்கு வந்த ஜுரம், எல்லாம் சரியாக்கும். ஆனா இதிலே நம்ம பிள்ளை சாகலை.”

“கதைதானே அது.”

“மத்ததெல்லாம் நிஜமா இருக்கறச்சே இது மட்டும் எப்படிக் கதையாகும்? அவருக்கு வேற யாராவது சொல்லியிருப்பாளோ?”

“நான்தானே குழி தோண்டினேன்.”

அம்மாள் தலையாட்டினார். ஆனாலும் புத்தகத்தை மூடவில்லை.

மட்டாஞ்சேரி போட் ஜெட்டி வந்தது. எல்லோரும் எழுந்தோம். பெரியவர் மட்டும் எழவில்லை.

“அதிலே அவனுக்குக் கல்யாணம் ஆயிடுத்தா?” என்று மனைவியைக் கேட்டார்.