இடப்பக்க முன் சக்கரம்

ருக்கையா: அங்கேயே நில்லு. திரைக்கு இந்தப் பக்கம் ஒரு அடி வைக்கக் கூடாது. இத்தாவுல இருக்கிறவ. நாலு மாசம் பத்து நாளைக்கு வெளி ஆம்பள முகம் அவ கண்ணுல படக் கூடாது. அதுலயும் உன் முகம்...

சுலைமான்: வாசல்லதான் நிக்கிறேன்க்கா. அண்ணி வரச் சொல்லி ஆள் அனுப்பினாங்க, அதான்...

ருக்கையா: அனுப்பினா வந்துடுறதா? என் தம்பியைக் கொன்னுட்டு இந்த வீட்டுப் பக்கம் நடக்க உனக்குக் கால் எப்படி வருது?

நூர்ஜான்: நான்தான் வரச் சொன்னேன் மதினி. நாளைக்குக் கோர்ட்டு. அதுக்கப்புறம் நெனச்சாலும் இவனைக் கூப்பிட முடியாது.

ருக்கையா: ஆமா, ஜெயில்லேருந்து எப்படி வருவான்? பேசு, பேசு. நான் இங்கதான் உக்காந்திருப்பேன். தண்ணி கிண்ணி கேட்டுடாதே. இந்த வீட்டுல உனக்குத் தண்ணி கெடையாது.

சுலைமான்: வேணாம்க்கா.

நூர்ஜான்: வக்கீல் என்ன சொன்னாரு தம்பி?

சுலைமான்: வக்கீல் வைக்கலண்ணி. நான்தான் ஒத்துக்கிட்டேனே. மாஜிஸ்திரேட் கேப்பாரு, ஆமான்னு சொல்லிடுவேன். ரெண்டு வருஷம் கெடைக்கும்னு ஸ்டேஷன்ல பேசிக்கிட்டாங்க.

நூர்ஜான்: உன் பொண்டாட்டி ரொஸ்னாவுக்கு இது ஏழாவது மாசமா?

சுலைமான்: எட்டு.

நூர்ஜான்: எட்டு...

ருக்கையா: என்ன எட்டு? அவன் ரெண்டு வருஷம் கழிச்சு வந்து புள்ளைய மடியில போட்டுக்குவான். என் தம்பி நாகூர் மீரான் எப்ப வருவான், அதைக் கேளு.

சுலைமான்: ...கை எப்படி இருக்குண்ணி?

நூர்ஜான்: கட்டுப் போட்டிருக்கு. சோறு இடது கையால திங்கக் கூடாதுன்னு மதினி ஊட்டி விடுறாங்க. நீ போலீஸ்ல சொன்னியே, அதை எங்கிட்ட ஒரு தடவை சொல்லு. அப்ப நான் ஆஸ்பத்திரியில கெடந்தேன், எதுவும் காதுல விழல.

சுலைமான்: அதை எதுக்கு இப்ப...

நூர்ஜான்: சொல்லு தம்பி.

சுலைமான்: மொத நாள் சாயங்காலம் அண்ணன் வேனைப் பட்டறைக்குக் கொண்டு வந்தாரு. இடப்பக்க முன் சக்கரம் காத்து நிக்கலைன்னாரு. ட்யூப்புல ஏற்கெனவே ஏழு ஒட்டு. எட்டாவது ஒட்டுப் போட்டேன். டயரும் நூல் தெரியிற டயரு. ரொட்டிக் கடை மொதலாளி தவுக்கே புதுசு வாங்கித் தர மாட்டாரு, அண்ணனும் கேக்க மாட்டாரு. அதையே திருப்பி மாட்டினேன்.

நூர்ஜான்: நட்டு?

சுலைமான்: அஞ்சு நட்டையும் கையால ஏத்தி விட்டேன். ஜாக்கியை எறக்கினேன். அப்ப பாங்கு சொன்னாங்க. தொழுதுட்டு வந்து முறுக்கலாம்னு போனேன்... மறந்துட்டேன்.

ருக்கையா: மறந்துட்டானாம். கேட்டுக்கோ. தொழுகை மேல பழியப் போடுறான்.

சுலைமான்: பழி எம்மேலதான்க்கா.

நூர்ஜான்: கையால ஏத்துன நட்டு எத்தனை மைல் தாங்கும்?

சுலைமான்: அது... சொல்ல முடியாதுண்ணி.

நூர்ஜான்: காலையில ஃபெரியில ஏத்தி பட்டர்வொர்த்துல எறக்கினோம். அங்கேருந்து சுங்கை பாக்காப். தோட்டத்து ரோடு பூரா குழி. போற வழியில ஒரு ஆட்டம் இல்ல, ஒரு சத்தம் இல்ல. நான் அந்தச் சக்கரத்துக்கு மேலதான் உக்காந்திருந்தேன்.

சுலைமான்: சில நேரம் தாங்கும்.

நூர்ஜான்: திரும்பி வரும்போதுதான் கழண்டுச்சு. சிம்பாங் அம்பாட் தாண்டி. எங்களுக்கு முன்னால ஒரு சக்கரம் தனியா உருண்டு ஓடுது. இவரு அதைப் பாத்து, ‘யாரு வண்டிச் சக்கரம்டீ அது?’ன்னு கேட்டாரு. சிரிச்சுக்கிட்டே கேட்டாரு...

ருக்கையா: போதும் நூர்ஜான். போதும்.

நூர்ஜான்: ரோட்டோரச் சாக்கடை லோங்காங்ல எறங்கினப்ப ஸ்டேரிங் அவரு நெஞ்சுல. இல்ல மதினி, நான் கேக்கணும். தம்பி, இருபது மைல் ஓடினதும் நட்டை இன்னொரு தடவை முறுக்கணும்னு நீ அவருகிட்ட சொன்னியா?

சுலைமான்: எப்பவும் சொல்றதுதானே. சக்கரம் மாட்டினா எல்லாருக்கும் சொல்லுவேன்.

நூர்ஜான்: சொல்லி விட்டிருக்கே. அவரு மறக்கல. சுங்கை பாக்காப்ல ரொட்டி எறக்கி முடிச்சதும் ஞாபகம் வந்துச்சு. ஆனா அன்னிக்கு அவருக்குக் குளிர்காய்ச்சல். பல்லு கிட்டுது. காய்ச்சல்ன்னுதானே நானும் கூடப் போனேன். அவரால எறங்க முடியல.

ருக்கையா: அப்புறம் யாரு முறுக்கினா?

நூர்ஜான்: நான்.

ருக்கையா: நீயா? நடு ரோட்டுல நின்னு ஸ்பானர் பிடிச்சியா? இத எங்கிட்ட சொல்லவே இல்லையே!

நூர்ஜான்: நீங்க கேக்கல மதினி.

ருக்கையா: ஊரு சனம் பாக்க...

நூர்ஜான்: மழைத் தூத்தல். ஊரு சனம் யாரும் இல்ல. அவரு போர்வையை இழுத்துப் போத்திக்கிட்டு, ‘பைப்பை எந்தப் பக்கம் மூடுவியோ அந்தப் பக்கம் திருகு, நாலு சக்கரமும் சுத்தி வா’ன்னாரு. அப்படியே கண்ணசந்துட்டாரு. வலப்பக்கம் ரெண்டு சக்கரமும் அசையவே இல்ல. ஸ்பானர் மேல ஏறி நின்னேன், அப்பவும் அசையல. இடப்பக்கம் வந்தா... ஒரு உதை உதைச்சேன், சடார்னு ஓடுச்சு. ஒவ்வொண்ணுலயும் அரைச் சுத்து.

சுலைமான்: அதான் சொல்றேனே. லூசா கெடந்திருக்கு. நான் முறுக்கல.

நூர்ஜான்: லூசா கெடந்த நட்டை எதுக்கு நான் உதைக்கணும் தம்பி?

சுலைமான்: ...துரு பிடிச்சிருக்கும்.

நூர்ஜான்: சில வண்டியில இடப்பக்கத்துக்கு மரை மாறி இருக்குமாமே. அந்தப் பக்கம் மட்டும் எதிரா திருகினாதான் இறுகுமாம். பைப்பை மூடுற பக்கம் திருகினா கழண்டுக்குமாம். இவருக்கு ஃபாத்திஹா ஓதின அன்னிக்கு வந்த ஷரீஃபா சொன்னா. அவ மாப்பிள்ளை புக்கிட் மெர்தாஜாம் பஸ்ஸு ஓட்டுறாரு.

சுலைமான்: சில வண்டியில உண்டு.

நூர்ஜான்: நம்ம வண்டியில?

சுலைமான்: இல்ல.

நூர்ஜான்: இல்லையா?

சுலைமான்: இல்லண்ணி. நாலு பக்கமும் ஒரே மரைதான். நீங்க முறுக்கினது சரி. நீங்க முறுக்கலைன்னா அங்கேயே கழண்டிருக்கும். நாலு மைல் வந்ததே உங்களாலதான்.

ருக்கையா: என்னமோ பேசிக்கிறீங்க. மரையாம், பைப்பாம். முறுக்காம விட்டவன் இவன், அவ்வளவுதானே?

சுலைமான்: அவ்வளவுதான்க்கா.

நூர்ஜான்: நான் கொண்டு வரச் சொன்னதைக் கொண்டு வந்தியா?

சுலைமான்: கொண்டு வந்தேன். போல்ட்டு, அதோட நட்டு. வேன் போலீஸ்ல நிக்குது, அதைத் தொட விட மாட்டாங்க. இது அன்னிக்கு அந்தச் சக்கரத்துல மாத்தின பழைய போல்ட்டு. பட்டறையில கெடந்துச்சு.

நூர்ஜான்: அந்த இடப்பக்கச் சக்கரத்துதுதானே?

சுலைமான்: அதுதான்.

நூர்ஜான்: திரைக்கு அடியில தள்ளி விடு.

ருக்கையா: கையை உள்ள நீட்டாதே! தரையில வச்சுத் தள்ளு. ம். எடுத்துக்கோ நூர்ஜான். எண்ணெய் நாத்தம்.

நூர்ஜான்: முழங்காலுக்கு நடுவுல இடுக்கிக்கிட்டேன் மதினி, நீங்க பிடிக்க வேணாம். இடது கையே போதும்... பைப்பை மூடுற பக்கம்... ஏறுது.

சுலைமான்: நான் சொன்னேனே.

நூர்ஜான்: இறுகுது.

சுலைமான்: பாத்தீங்களா? இனிமே அதைப் பத்தி நெனைக்கவே கூடாது. ஷரீஃபாக்கா ஆயிரம் சொல்லுவாங்க. அவங்க மாப்பிள்ளை வண்டி வேற, நம்ம வண்டி வேற.

ருக்கையா: இதுக்குத்தான் பத்து நாளா தூங்காம கெடந்தியா? சோத்தை வாயில வச்சா துப்பிட்டு... இந்தா பாரு, தப்பு பண்ணவனே வந்து சொல்லிட்டான். எம் மேல ஆணையாச் சொல்றேன், அது மட்டும் வேற மாதிரி இருந்திருந்தா உன்னை இந்த வீட்டுல வச்சுக்கிட்டு உனக்கு நான் சோறு ஊட்டுவேனா?

சுலைமான்: அக்கா, அதெல்லாம் எதுக்கு இப்ப?

ருக்கையா: சொல்றேன், அவ்வளவுதான். என் கூடப் பொறந்தவன் ஒருத்தன்தான். ஒரே ஒருத்தன்.

சுலைமான்: நான் வர்றேன்க்கா. அண்ணி, வர்றேன். முடிஞ்சா ரொஸ்னாவுக்கு ஒரு வார்த்தை துவா செய்ங்க.

நூர்ஜான்: நில்லு தம்பி.

சுலைமான்: ஸ்டேஷன்ல கையெழுத்துப் போடணும்ணி. நேரமாச்சு.

நூர்ஜான்: என்கிட்ட இன்னொரு நட்டு இருக்கு.

சுலைமான்: ...என்ன நட்டு?

நூர்ஜான்: எங்களை லோங்காங்லேருந்து தூக்கினது ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டுற பொம்பளைங்க. அதுல நவமணின்னு ஒருத்தி. சக்கரம் கழண்ட இடத்துல கெடந்துச்சும்மான்னு என் கையில வச்சு அமுக்கினா. ஆஸ்பத்திரியிலயும் நான் அதை விடல, வீட்டுக்கு வந்தும் விடல. முந்தானையிலதான் முடிஞ்சு வச்சிருக்கேன். இப்ப நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டிருந்தப்ப இதை உன் போல்ட்டுல வச்சுத் திருப்பிப் பாத்தேன்.

சுலைமான்: அண்ணி...

நூர்ஜான்: வாய் ஒரே அளவுதான். ஏற மாட்டேங்குது. இந்தப் பக்கம் திருப்பினாலும் ஏறல, அந்தப் பக்கம் திருப்பினாலும் ஏறல.

சுலைமான்: கீழ விழுந்ததுல நசுங்கியிருக்கும். மரை போயிருக்கும்.

நூர்ஜான்: விரலை விட்டுப் பாத்தேன். மரை புதுசு மாதிரி இருக்கு. அப்ப இது எதிர் மரை. நீ கொண்டு வந்தது வலப்பக்கத்து போல்ட்டு.

ருக்கையா: என்ன சொல்றா இவ? டேய், என்ன சொல்றா?

சுலைமான்: ஒண்ணும் இல்லக்கா, அவங்களுக்கு உடம்பு சரியில்ல... அண்ணி, வேணாம். இவங்க இருக்கிற எடத்துல வேணாம். ஆஸ்பத்திரியில கடைசி ராத்திரி அண்ணன் என் கையைப் பிடிச்சுக்கிட்டு இது ஒண்ணைத்தான் கேட்டாரு. ‘அவசரத்துல இடப்பக்கத்தை அவளுக்குச் சொல்ல விட்டுட்டேன்டா, அவளுக்குத் தெரியவே கூடாதுடா’ன்னு. நான் சரின்னு வாக்குக் கொடுத்திருக்கேன்.

நூர்ஜான்: அவரு வாக்கு கேட்டது உங்கிட்ட தம்பி, எங்கிட்ட இல்ல. நீ வீட்டுக்குப் போ, ரொஸ்னா தனியா இருப்பா. மதினி, இன்ஸ்பெக்டரைக் கூட்டிக்கிட்டு வர ஆள் அனுப்புங்க, திரைக்கு இந்தப் பக்கம் இருந்தே சொல்லிடுறேன்... உங்க தம்பி வண்டியில அந்த அஞ்சு நட்டையும் கழட்டினது நான்தான்.